பனியில் நனைந்த கயிறு: முகலாயக் குடியானவனை யார் எழுதினார்கள்?

அபுல் ஃபசலின் ஆயின்-இ-அக்பரியில் ஒரு சிறு செய்தி வருகிறது. நிலத்தைச் சணற்கயிற்றால் அளந்துவந்த காலத்தில், விடியற்காலைப் பனியில் நனைந்த கயிறு சுருங்கிவிடுமாம். பகல் ஏற ஏற அது காய்ந்து நீளுமாம். சுருங்கிய கயிற்றால் அளந்தால் நிலத்தின் பரப்பு கணக்கில் கூடிக் குடியானவனுக்கு நட்டம். நீண்ட கயிற்றால் அளந்தால் பரப்பு குறைந்து அரசுக்கு நட்டம். இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே 1570களில் மூங்கிற் கழிகளை இரும்பு வளையங்களால் இணைத்து புதிய அளவுகோல் செய்யப்பட்டது என்கிறார் அவர்.

ஒரு பேரரசின் நிர்வாக நூல், பனியில் நனைந்த கயிற்றைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டிருக்கிறது. வியப்புத்தான். ஆனால் அந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்கும்போது நமக்கு வேறொரு ஐயம் எழுகிறது. அந்த விடியலில், தன் வயல் வரப்பில் நின்றுகொண்டு, ஈரக் கயிற்றைத் தரையில் இழுத்துவரும் அளவைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தானே ஒருவன், அவன் என்ன சொன்னான்? ‘வெயில் ஏறட்டும் ஐயா’ என்று கெஞ்சினானா? அல்லது அளப்பவன் கையில் எதையாவது திணித்தானா? கயிறு சுருங்குவது அபுல் ஃபசலுக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆயினும் அவன் சொல் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

முகலாய வேளாண் வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் முதலில் உறைப்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். வயலைப் பற்றிய பேரரசின் நினைவு மிகப் பெரியது. வயலில் நின்றவனைப் பற்றிய நினைவு மிகச் சிறியது. 1598இல், ஐந்து திருத்தங்களுக்குப் பின் நிறைவுற்ற ஆயின், ஆக்ரா மாகாணத்தில் இரு பருவங்களுக்கும் சேர்த்து 39 வகைப் பயிர்கள் என்றும், தில்லி மாகாணத்தில் 43 என்றும் கணக்குச் சொல்கிறது. ஆண்டுதோறும் பயிரேறும் நிலம் போலஜ். சிறிதுகாலம் ஓய்வுக்கு விட்டது பரௌதி. மூன்று நான்காண்டு தரிசாகக் கிடந்தது சச்சர். ஐந்தாண்டும் அதற்கு மேலும் கிடந்தது பஞ்சர். மண்ணுக்கு நான்கு பெயர். மண்ணைக் கிளறியவனுக்கோ ‘ரயத்து’ என்ற ஒரே பொதுப்பெயர்.

தமிழ் படிப்பவர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்தச் சொற்களே நம் வீட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன என்பது முதல் விடை. கிஸ்தி, வசூல், பாக்கி, ரயத்து, தாசில்தார், ஜமாபந்தி என்று நம் ஊர்க் கிழவர்கள் வாயில் புழங்கிய சொற்கள் யாவும் பாரசீக நிர்வாக மொழியின் வழி வந்தவை. தமிழகத்து வருவாய்த்துறை ஜூலை முதல் நாள் தொடங்கிக் கணக்கிடும் ஆண்டுக்குப் ‘பசலி’ என்று பெயர். அறுவடை எனப் பொருள்படும் ஃபஸ்ல் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக வகுக்கப்பட்ட ஆண்டு அது. பேரரசு போயிற்று, நவாபுகள் போயினர், கம்பெனியும் போயிற்று. பசலி மட்டும் பட்டா நகல்களில் இன்னும் இருக்கிறது. வரி வாங்கியவனின் மொழி இப்படி ஊன்றிக்கொண்டது. வரி கொடுத்தவனின் மொழி எங்கே போயிற்று என்பதே நம் கேள்வி.

இரண்டாவது விடை நம் வாசிப்பைப் பற்றியது. கிராமம் என்றதும் நம் மனத்தில் ஒரு படம் விரிகிறது: தலைமுறை தலைமுறையாக அசையாது ஒரே மண்ணில் வேரூன்றிய மக்கள், தனக்கு வேண்டியதைத் தானே விளைத்துக்கொள்ளும் ஊர், மேலே அரசர்கள் மாறினாலும் கீழே மாறாத வாழ்வு. இந்தப் படம் நம் பாட்டன் தந்தது என்று நாம் நம்புகிறோம். இதற்கு இன்றைய அழுத்தமான வடிவைக் கொடுத்தவர்களில் ஒருவர் சார்லஸ் மெட்கால்ஃப் என்னும் ஆங்கிலேய அதிகாரி. இந்தியக் கிராமங்கள் சின்னஞ்சிறு குடியரசுகள், வம்சங்கள் சரிந்தாலும் அவை மாறுவதில்லை என்று 1830இல் எழுதிய குறிப்பு அவருடையது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் இதற்கு எதிர்த்திசையில் ஒரு படம் தீட்டியிருந்தார்: நிலம் முழுதும் அரசனுக்கே சொந்தம், குடியானவனுக்கு உடைமையில்லை, ஆகவே நாடு பாழ். பெர்னியரைக் கார்ல் மார்க்ஸ் படித்தார். அசைவற்ற ஆசியக் கிராமம் பற்றி 1853இல் எழுதினார். பொற்காலம் பாடியவரும் இருட்காலம் பாடியவரும் ஒரு புள்ளியில் கைகோத்துக்கொள்கிறார்கள். இருவர் படத்திலும் குடியானவன் அசைவதில்லை.

ஆனால் அவன் அசைந்தான். அதுவும், பேரரசைக் கலங்க வைக்கும் அளவுக்கு அசைந்தான்.

இந்துஸ்தானத்துக்குப் புதிதாக வந்த பாபர் கண்டு வியந்தவற்றுள் இதுவும் ஒன்று. இங்கே ஊர்கள் ஒரு நொடியில் எழுகின்றன, ஒரு நொடியில் காலியாகின்றன என்கிறார் அவர். பல ஆண்டு குடியிருந்த ஊரையும் ஒரு நாள், ஒன்றரை நாளில் தடயமின்றி விட்டுப் போய்விடுகிறார்கள்; புதிய இடத்தில் கால்வாய் வெட்டவோ அணை கட்டவோ தேவையில்லை, பயிர் வானம் பார்த்து விளைகிறது; புல்லும் மரமும் ஏராளம், குடிசை எழும்ப நேரமாகாது. நாடாளப் பிறந்தவனின் எரிச்சல் அந்தக் குறிப்பில் தெரிகிறது. இன்று அதைப் படிக்கும் நமக்கோ அது குடியானவனின் ஒரே ஆயுதத்தைப் பற்றிய சான்று. அக்காலத்தில் நிலம் மிகுதி, உழும் கை குறைவு. வரி பொறுக்க முடியாமற் போனால் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த ஜமீந்தாரின் எல்லைக்குள் போய்விடலாம். தன் ஊரிலேயே உழுபவனைக் குத்காஷ்த் என்றும், வேற்றூரிலிருந்து வந்து உழுபவனைப் பாஹிகாஷ்த் என்றும் ஆவணங்கள் பிரித்தே எழுதின. பாஹிகாஷ்த் ஆனவர்களில் சிலர் நல்ல நிபந்தனை தேடி வந்தவர்கள். சிலர் பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்கள். இருவரையும் ஒரே சொல்லில் அடக்கியது ஏடு.

அரசு இதை எவ்வாறு எதிர்கொண்டது? ஒரு கையில் தக்காவி: விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் முன்பணம். மறுகையில் சாட்டை. ஔரங்கசீப் 1660களில் முகமது ஹாஷிம் என்ற அதிகாரிக்கு அனுப்பிய ஃபர்மானில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடியானவனின் நிலையையும் விசாரிக்க வேண்டும். இயன்றவரை ஆதரவு காட்டி உழவில் ஈடுபடுத்த வேண்டும். மழையும் பெய்து, சக்தியும் இருந்து, ஆனாலும் உழாதிருப்பவனை மிரட்டவும் அடிக்கவும் செய்யலாம். உழுவது ஒரு கடமை, உழாதிருப்பது குற்றம். தன் நிலத்தைச் சும்மா போட்டுவைக்கும் உரிமை இல்லாதவனை உடைமையாளன் என்பதா, விரும்பினால் ஊரைவிட்டுப் போகத் துணிந்தவனை அடிமை என்பதா? பெர்னியரின் சட்டகத்துக்குள்ளும் மெட்கால்ஃபின் சட்டகத்துக்குள்ளும் அடங்காத ஒரு வாழ்வு அங்கே இருந்தது.

‘தன்னிறைவு’ என்ற சொல்லையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். 1580இல் தோதர்மல்லின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தஹ்சாலா முறை வந்தது. பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி பார்த்து, ஒரு பீகா நிலத்துக்கு இன்ன பயிருக்கு இவ்வளவு என்று பணமாக வரி நிர்ணயித்தார்கள். பணமாக என்பதே முக்கியம். வரியைப் பணமாகக் கட்ட வேண்டுமானால் தானியத்தை விற்றாக வேண்டும். கிஸ்திக் கெடு அறுவடையை ஒட்டி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை என்னவாகும் என்பதை எந்த உழவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சிறிய ஊரானாலும் காசு மாற்றித்தரும் சராப் ஒருவன் இருப்பான் என்று பதினேழாம் நூற்றாண்டுப் பயணி தவெர்னியே எழுதுகிறார். வெளியுலகோடு தொடர்பற்ற ஊருக்குச் சராப் எதற்கு?

பயிர்களும் மாறிக்கொண்டேயிருந்தன. ஆயினின் பயிர்ப் பட்டியலில் புகையிலை இல்லை. அந்நூல் நிறைவுற்ற சில ஆண்டுகளில் பீஜப்பூரிலிருந்து அது அக்பரின் அவைக்கு வந்தது. 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நாடெங்கும் விளைபொருளாகிவிட்டது. மக்காச்சோளமும் மிளகாயும் அவ்வாறே நுழைந்தன. பேரரசன் தடுத்த ஒரு செடியை ஒரே ஆயுட்காலத்துக்குள் தன் வயலில் நட்டு, விற்று, வரியும் கட்டியவனை ‘மாறாத கிராமத்தவன்’ என்று எப்படி அழைப்பது?

இவ்வளவு சொன்னதால் அவன் வாழ்வு வளமாயிருந்தது என்று பொருளாகாது. விளைச்சலில் மூன்றிலொரு பங்கு அரசுக்கு என்பது ஆயினின் கணக்கு. ஹாஷிமுக்கு எழுதிய ஃபர்மானோ பாதியை உச்சவரம்பாக வைக்கிறது. நடைமுறையில் சுமை பாதியை எட்டியது என்பது இர்ஃபான் ஹபீப் 1963இல் வெளியிட்ட முகலாய வேளாண் அமைப்பு பற்றிய நூலின் முடிவு. வட இந்தியச் சராசரிக் குடியானவனிடம் ஒரு ஜோடி எருதும் இரண்டு கலப்பையும் இருந்தால் அதிகம். திரண்ட வரி எங்கே போயிற்று? ஷாஜஹான் காலத்துக் கணக்குகளை ஆராய்ந்த கைசர், 1647ஆம் ஆண்டையொட்டி, இளவரசர்களும் பெருந்தலைவர்களுமாக 73 பேர் மட்டும் பேரரசின் மொத்த மதிப்பீட்டு வருவாயில் 37.6 விழுக்காட்டுக்கு உரிமை பெற்றிருந்ததைக் காட்டினார். அந்த உரிமைக்குரிய ஜாகீர்களோ மூன்று நான்காண்டுக்கொருமுறை மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு தனக்கு இருக்குமா என்று தெரியாத ஊரின் கிணற்றைத் தூர்வார எந்த ஜாகீர்தார் முன்வருவான்?

1630 முதல் 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும்பஞ்சம். சூரத்திலிருந்து பர்ஹான்பூர் போன கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பீட்டர் மண்டி, வழிநெடுகப் பிணங்கள் கிடந்ததை எழுதிவைத்தார். ஷாஜஹான் கஞ்சித்தொட்டிகள் திறந்தார். ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய் வரியைத் தள்ளுபடி செய்தார். அது வருவாயில் பதினொன்றில் ஒரு பங்கு என்று அவருடைய அவை வரலாறு பெருமையோடு குறிக்கிறது. மீதிப் பத்துப் பங்கைக் குறித்து அது பெருமைப்படவில்லை, துயரப்படவுமில்லை. அதே பர்ஹான்பூரில், அதே பஞ்சத்தின் நடுவே, 1631 ஜூனில் மும்தாஜ் மகல் இறந்தார். மறு ஆண்டு தாஜ்மகால் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஒரு மரணத்தைப் பற்றி நம் மொழியில் மட்டும் எத்தனை கவிதைகள்! நாமும் எழுதிக் கிழித்திருக்கிறோம். அதே நகரைச் சுற்றி அதே மாதங்களில் விழுந்த பிணங்களுக்கு ஒரு வரி எழுதியவர் யார்? காதலைப் பாடியது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டு. நம் கண் ஒரு சாவை மட்டும் கண்டது எப்படி என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

வடபுலத்துக் கவிஞர்கள் எல்லோரும் கண்மூடியிருக்கவில்லை. துளசிதாசரின் கவிதாவளியில், உழவும் வாணிகமும் கைவிட்டுப்போய் மக்கள் பிழைக்க வழியின்றித் திகைக்கும் காட்சி உண்டு. பக்திப் பாடலின் ஓரத்தில் வந்துபோகும் அந்தச் சில வரிகள், பல அவை வரலாறுகளைவிட நமக்கு அதிகம் சொல்கின்றன. தமிழிலும், ஏறத்தாழ இதே காலப்பகுதியில் செழித்த பள்ளு இலக்கியம் நெல்வகையும் மாட்டுவகையும் அடுக்கிச் சொல்வதோடு நில்லாமல், பண்ணைக்காரனால் தொழுவில் மாட்டப்படும் பள்ளனையும் காட்டியது. நகைச்சுவையாகக் காட்டியது என்ற உறுத்தலோடுதான் அதை நாம் பாடம் சொல்கிறோம்.

அந்தத் தொழுவின் நினைவோடு மீண்டும் முகலாய ஊருக்குள் நுழைவோம். பேரரசின் கொடுமை என்று மட்டும் பேசிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். ஊருக்குள்ளேயே ஒரு பேரரசு இருந்தது. மக்கள் குறைவு, நிலம் மிகுதி என்று மேலே சொன்னோம். அப்படியானால் நிலமற்ற கூலிகள் ஏன் இருந்தார்கள்? தரிசு கிடந்த நாட்டில் ஒருவன் நிலமின்றி இருக்க வேண்டிய காரணம் என்ன? தோல் தொழில் செய்வோர் முதலான சாதியினரை நிலம் வைத்துக்கொள்ள விடாமல், அறுவடைக் காலத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கூலிகளாக நிறுத்திவைத்தது சாதி என்பது ஹபீபின் விடை. இதில் குத்காஷ்த் குடியானவனும் ஜமீந்தாரும் பேரரசும் ஒரே பக்கம். மேலே கசக்கிப் பிழியப்பட்டவன் கீழே கசக்கிப் பிழிந்தான். மேற்கிந்தியாவிலும் ராஜஸ்தானிலும் கிடைத்த மனுக்களில், மிகை வரியையும் வெட்டிவேலையையும் எதிர்த்துக் கீழ்ச்சாதியார் பஞ்சாயத்தில் முறையிட்ட சான்றுகள் உள்ளன. ‘சின்னஞ்சிறு குடியரசு’ என்று பாடியவர்கள் இந்த மனுக்களைப் படித்ததில்லை.

பெண்களின் மனுக்களும் உண்டு. கணவன் வேறொருத்தியை நாடினான், பிள்ளைகளுக்குச் சோறு போடவில்லை என்று பஞ்சாயத்திடம் நியாயம் கேட்டிருக்கிறார்கள். வயலில் நாற்று, களை, கதிரடிப்பு எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. ஆனால் மேற்கிந்தியாவில் மாதவிலக்கு நாட்களில் ஏரைத் தொடக் கூடாது, வங்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழையக் கூடாது. மனு எழுதியவன் அந்தப் பெண்ணின் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி, இன்னாரின் உடன்பிறந்தாள். நியாயம் கேட்டு வாய் திறந்தவளுக்கே பெயர் கிடைக்கவில்லை என்றால் வாய் திறவாதவர்களைப் பற்றி என்ன சொல்ல!

சில வேளை அவர்கள் ஏட்டில் ஏறினார்கள், ஆயுதம் எடுத்தபோது. 1672இல் நார்னௌல் பகுதியில் சத்நாமிகள் கிளர்ந்தனர். வயலில் வேலை செய்துகொண்டிருந்த சத்நாமி ஒருவருக்கும் கதிர்க்குவியலைக் காத்துநின்ற காவலாளுக்கும் மூண்ட தகராறில், காவலாள் தடியால் தலையில் அடித்ததே தொடக்கம் என்கிறார் காஃபி கான். ஒரு கதிர்க்குவியலின் அருகே விழுந்த அடி பேரரசின் படையை வரவழைத்தது. தச்சர், தட்டார், தோட்டி, தோல் பதனிடுவோர் எல்லாம் அரசுக்கு எதிராக எழுவதா என்று அவை வரலாற்றாசிரியர் இகழ்கிறார். இகழ்வதற்காகவேனும் அவர்கள் தொழிலைச் சொல்ல வேண்டியதாயிற்று அவருக்கு.

இந்தக் கிளர்ச்சிகளைக் கொண்டு, வறுமையால் பொங்கியெழுந்த உழவர்களே பேரரசைச் சாய்த்தார்கள் என்று ஒரே வரியில் முடிக்கவும் நாம் விரும்பவில்லை. அவத், பஞ்சாப் பகுதிகளை ஆராய்ந்து முஸாஃபர் ஆலம் 1986இல் எழுதிய நூல், பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே வளம் பெருகியிருந்தது, கிளர்ந்த ஜமீந்தார்கள் வலுத்திருந்தார்கள் என்று காட்டியது. குடியானவர்களில் பலர் ஆயுதம் வைத்திருந்தார்கள், பருவத்துக்கேற்பப் படையிலும் சேர்ந்தார்கள் என்று கோல்ஃப் எழுதினார். ஓரிடத்தின் உண்மை வேறிடத்தில் பொய்யாகலாம். அடிபட்டவன், ஓடியவன், வளர்ந்தவன், பிறனை அடித்தவன் என்று நால்வரும் ‘ரயத்து’ என்ற ஒரே சொல்லுக்குள் இருந்தார்கள். அந்தச் சொல்லை உடைத்துப் பார்ப்பதே வரலாற்றுக் கல்வி. இலக்கியமும் அதைச் செய்ய வேண்டும் என்பது நம் துணிபு.

நம் வரலாற்றுப் புதினங்களில் வயல் வருகிறது. பச்சைப் பசேலென்று வருகிறது. நாயகனின் குதிரை அதைக் கடந்து போகிறது. களை பறிப்பவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அடுத்த அத்தியாயம் அரண்மனையில் தொடங்குகிறது. தில்லியைப் பற்றி எழுதினாலும் தஞ்சையைப் பற்றி எழுதினாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. சான்று இல்லையே என்று எழுத்தாளர் சொல்லக்கூடும். அரண்மனையில் இளவரசி தோழியிடம் இரவில் பேசியதற்கு மட்டும் சான்று இருந்ததா? அங்கே துணிந்த கற்பனை வரப்பில் வந்து கூசுவானேன்? விலையும் வரியும் பயிரும் தரிசும் பஞ்சமும் மனுவுமாக, கற்பனைக்கு வேண்டிய அத்தனையும் வரலாற்றாசிரியர்கள் நமக்குத் திரட்டித் தந்துவிட்டார்கள்.

யாரேனும் எழுத முன்வந்தால் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒரு விடியற்காலை போதும். தரையெல்லாம் பனி. சணற்கயிறு நனைந்து கிடக்கிறது. அளவைக்காரன் அவசரப்படுகிறான். வரப்பில் நிற்பவன் கிழக்கே பார்க்கிறான். வெயில் வர இன்னும் நேரமிருக்கிறது. சற்றுத் தள்ளி, இந்த நிலத்தில் ஒரு முழமும் தனக்கில்லாத கூலிக்காரன் ஒருவனும், ஏட்டில் பெயர் ஏறாத பெண்ணொருத்தியும் நின்று அதைப் பார்க்கிறார்கள். நால்வரும் பேசட்டும். நாம் கேட்கக் காத்திருக்கிறோம்.